கேபிளின் கவசமும் நிலத்தொடர்பும்

மீட்டர் பெட்டியிலிருந்து கிணற்று ஸ்டார்ட்டருக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் மண்ணில் புதைத்துக் கொண்டுசெல்லப்படும் கேபிளுக்கு எஃகுக் கம்பியாலோ பட்டையாலோ ஆன கவசம் உண்டு. மண்வெட்டி வெட்டிலிருந்து காப்பதே அதன் வேலை என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. உள்ளே காப்புறை பழுதுற்றால் மின்சாரம் ஏறுவது இக்கவசத்தின்மீதுதான். அதற்கு நிலத்தொடர்பு, அதாவது எர்த், இல்லையெனில் கவசமும் அதைச் சேர்ந்த இரும்புப் பெட்டியும் 230 வோல்ட் ஏறியபடி ஓசையின்றி நிற்கும். ஈரக்கையால் தொடுபவரின் உடல் தடையை 1,000 ஓம் என்று கொண்டால், 230 மில்லியாம்பியர் பாயும். உயிர்காக்கும் கசிவுக் காப்பான் 30 மில்லியாம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுவதை நோக்கின் ஆபத்தின் அளவு விளங்கும்.

ஆகவே, மின்விசை செல்லும் கேபிளின் கவசத்தை இரு முனைகளிலும் எர்த் கம்பியோடு இணைத்தல் அவசியம். கவசக் கம்பிகளை நறுக்கிவிட்டு டேப் சுற்றுதல் கூடாது. பித்தளைக் கிளாண்டில் அவற்றை விரித்து இறுக்க வேண்டும். கிளாண்டு பொருந்தும் இடத்தில் பெயின்டைச் சுரண்ட வேண்டும். இடையில் ஒட்டுப் போட்டிருப்பின், இரு பக்கத்துக் கவசங்களையும் செம்புக் கம்பியால் சேர்க்க வேண்டும். கவசம் துருப்பிடிக்குமாதலால் அதனை மட்டும் நம்பலாகாது. மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டுமென்பது விதி.

நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் மின்னணுக் கருவிகளின் மெல்லிய கேபிளுக்கு முறை வேறு. அதன் உலோக வலை, பக்கத்து மோட்டார்களின் மின் இரைச்சலைத் தடுப்பதற்காக உள்ளது. கருவியைச் செய்தவர் வேறு கூறாதிருப்பின், வலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் மட்டும் இணைப்பதே வழக்கம். இரு பக்கமும் இணைத்தால், இரு இடத்து நிலத்தொடர்புகளுக்கிடையே உள்ள சிறு வோல்ட் வேறுபாட்டால் வலையில் மின்சாரம் ஓடி, நூல் அறாமலே தறி நிற்கக்கூடும். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளின் வலையை இரு முனையிலும் இணைத்தல் வேண்டும்.

எர்த் குழி இருந்தால் போதும் என்றும் எண்ணற்க. குழியின் தடை 10 ஓம் ஆயின் பாய்வது 23 ஆம்பியரே. 32 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. ஆதலால் கசிவுக் காப்பானும் வேண்டும்.

மண் உலர்ந்தால் குழியின் தடை உயரும். எனவே ஆண்டுதோறும் கோடையில், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு குழியையும் கிளாண்டுகளையும் சோதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அச்செலவு சிறிது, காக்கப்படுவது உயிர்.