அரபு வீட்டின் முன்வாசல்

குருவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் அரபு நாட்டை அறியாத லயம் கிடையாது. புலிப்படம் போட்ட கம்பளி, பால்மா டின்னில் நட்ட ரோசாச்செடி, சீதனத்துக்கென்று மடித்துவைத்த மினுமினுப்புத் துணி, அம்மா பக்கத்தில் இல்லாமல் ஆச்சியிடம் வளர்ந்த பிள்ளை என்று ஏதாவது ஒன்று எந்தக் காம்பராவிலும் இருக்கும். எல்லாம் குவைத், சவூதி, ஜோர்தான் கணக்கில் சேர்பவை. என் சித்தியும் குவைத்துக்குப் போனவர்தான். அரபு வீட்டின் குசினி, கழிவறை, துணி காயப்போடும் மொட்டைமாடி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வீடுகளின் முன் அறையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

நான் உட்கார்ந்தேன். ஆனால் குவைத்தில் அல்ல, ஐதராபாத்தில்.

இலங்கை மாணவர்களுக்கு இந்தியக் கலாசார உறவுகள் பேரவை தரும் புலமைப்பரிசிலில் முதுகலை படிக்க உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1918இல் தொடங்கியது அது. வளாகத்தில் யேமன், ஈராக், ஓமான், சூடான் என்று அரபு பேசும் மாணவர்களைக் கண்டு முதலில் ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்டணம் குறைவு, பாடம் ஆங்கிலத்தில், கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல், கேட்ட இடத்தில் ஹலால் சாப்பாடு. இதற்கெல்லாம் மேலாக ஒரு பழைய உறவும் இருக்கிறது. யேமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த வீரர்கள் நிஜாமின் படையில் இருந்தார்கள். அவர்களுடைய பாசறை இருந்த பார்க்காஸ் என்ற இடத்தில் அவர்களின் பரம்பரை இன்றும் குடியிருக்கிறது. அங்கே ஆண்கள் கட்டம்போட்ட லுங்கியோடு கடைத்தெருவில் நிற்பதைப் பார்த்தால் குருவிட்ட டவுனில் சாரத்தோடு நிற்கிற ஆட்களின் நினைவு வரும். கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இடித்துக் கிண்டுகிற ஹரீஸ் அவர்களோடு வந்த சாப்பாடு. அதுவே மசாலா ஏறி ஐதராபாத் ஹலீம் ஆகி, 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது.

அரபு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூதூரைச் சேர்ந்த பணிப்பெண் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது எங்கள் லயத்தில் அன்று அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. 2005இல் அவர் வேலைக்குப் போகையில் வயது 17 என்று பிறப்புச் சான்றிதழ் சொன்னது. பொதுவாக எங்கள் பக்கத்துக்கு அரபு வீட்டிலிருந்து வரும் செய்தி ஒன்று பணம், இல்லாவிட்டால் பயம்.

என்னை அழைத்தது யேமன்காரி ஒருத்தி. மொழியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தவள், என்னைவிட மூத்தவள். அக்கா என்றே கூப்பிட்டேன், அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கணவன், பிள்ளைகள், நாத்தனாரோடு டோலிசௌக்கியில் வாடகைக்கு இருந்தாள். அங்கே அரபு, ஆப்பிரிக்க மாணவர் குடும்பங்கள் நிறைய.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் விசாரிப்பு தொடங்கியது. எப்படி இருக்கிறாய், உடம்பு எப்படி, அம்மா எப்படி, அப்பா எப்படி, சித்தி எப்படி, மறுபடி நீ எப்படி. பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும். அவசரமாகப் பேசி விஷயத்துக்கு வருவது அவர்களிடம் மரியாதைக் குறைவு. கணவன் வெளி அறையிலிருந்தே சலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கதவைச் சாத்தியதும் வீதியில் கறுப்பு அபாயாவில் பார்த்த பெண்கள் அதைக் கழற்றி மாட்டினார்கள். உள்ளே பச்சை, மஞ்சள், சரிகை வைத்த உடுப்பு, கையில் மருதாணி, ஒரே சிரிப்பு. சுவரோரம் தரையில் மெத்தை விரித்திருந்தது. கதவிலிருந்து தள்ளி, சாய்மானத்துக்கு இரண்டு தலையணை இருந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அது வீட்டின் உயர்ந்த இடம் என்று பிறகு தெரிந்தது. காலை நீட்டி உள்ளங்காலை யார் முகத்துக்கு நேராகவும் காட்டக்கூடாது என்பது மட்டும் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். நம் வீட்டிலும் அதுதானே.

சாப்பாடு ஒரே பெரிய தட்டத்தில் வந்தது. சோறு, மேலே ஆட்டிறைச்சி, சுற்றி நாங்கள். கல்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்தது சல்தா. அதன் மேல் வெண்மையாக நுரைத்து நின்றது ஊறவைத்து அடித்த வெந்தயம். தக்காளியும் பச்சைமிளகாயும் அரைத்த சஹாவிக் இருந்தது. அதை நான் கரண்டி கரண்டியாக எடுத்ததைப் பார்த்து நாத்தனார் வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். கட்டச் சம்பலில் வளர்ந்த நாக்கு என்று அவளுக்கு எப்படி விளக்குவது! ஒவ்வொருவரும் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும், வலக்கையால். நடுவில் இருக்கும் நல்ல இறைச்சியைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பது வீட்டுக்காரியின் வேலை. என் பக்கம் குறையவே இல்லை. மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் புழங்குவதில்லை என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதன்பிறகு நான் போகும் நாட்களில் அந்த வீட்டில் அது சமைக்கப்பட்டதே இல்லை.

நம் ஊரில் வந்தவரிடம் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்போம். "வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்பார் வந்தவர், குடித்திருக்கமாட்டார். அங்கே கேள்வியே கிடையாது. வந்து உட்கார்ந்தால் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கை வைப்பார்கள். எழுந்து கை கழுவும்வரை "போதும்" செல்லாது.

இந்தப் பழக்கத்துக்குப் பாலைவனத்தில் காரணம் சொல்வார்கள். தண்ணீரில்லாத வெளியில் வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அவன் சாவான். நாளை அந்த நிலை நமக்கு. ஆகவே எதிரியே வந்தாலும் கூடாரத்துக்குள் எடுத்துத்தான் ஆகவேண்டும். விருந்தாளிக்கு மூன்று நாள் உரிமை, அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்று நபிமொழியும் அதை வரையறுத்திருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் ஹாத்திம் தாய், கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது தன் குதிரையை அறுத்து விருந்து வைத்தார் என்பது அரபுப் பிள்ளைகள் எல்லாம் கேட்டு வளர்கிற கதை. பெரியபுராணத்து இளையான்குடி மாறநாயனார் மழை இரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வாரிவந்து சமைத்த கதையைச் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மனைவி என்ன சொன்னாள்?" என்று கேட்டாள். நெல்லை வாரி வரச் சொன்னதே அவள்தான் என்றேன். அதுதான் சரி என்று தலையாட்டினாள்.

ஒருநாள் தேத்தண்ணிக்குப் பதிலாக வேறொன்று ஊற்றினாள். மஞ்சள் கலந்த பழுப்பு, இஞ்சி வாசம். கிஷ்ர் என்றாள். கோப்பிக் கொட்டையை எடுத்தபின் மிஞ்சும் காய்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்தது. யேமனின் ஹராஸ் போன்ற மலைகளில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் கோப்பி வளர்கிறது. மொக்கா துறைமுகம் வழியாக ஒருகாலத்தில் உலகத்துக்கே கோப்பி போன நாடு அது. கொட்டை விற்பனைக்கு, அதனால் பயிரிட்டவன் வீட்டில் தோல். அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள், கிஷ்ர் அவர்களுக்கு இப்போது விருப்பமான பானம்.

எனக்கு வாயில் வைத்த மிடறு இறங்கவில்லை. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்கும் கப்பலுக்கும் போகும். எங்கள் லயத்துக்கு வருவது தூள். அந்தத் தூளில் போட்ட சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் அம்மா மலைக்கு ஏறுவார். இதை அவளிடம் சொன்னபோது எதுவும் பேசாமல் என் கோப்பையை மறுபடி நிரப்பினாள். எங்கள் நட்பு கெட்டியானது அன்றைக்குத்தான்.

தேயிலை என்றால் ஈராக்கைச் சொல்லாமல் விடமுடியாது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. கறுத்த சாயமும் கனத்த ருசியும் உள்ள அந்த இலையை விரும்பி வாங்குவோரில் ஈராக் பல வருடமாக முன்வரிசையில் நிற்கிறது. வகுப்புத் தோழியான பாக்தாத்காரியின் அறையில் சிங்க முத்திரை போட்ட பொதியைப் பார்த்ததும் ஊர் ஆளைக் கண்டதுபோல் ஆனேன். பெரிய கேத்தலின் மேல் சிறிய பானையை வைத்து, ஏலக்காயோடு சின்னத் தீயில் நேரம்போக வேகவைப்பார்கள். இடை சிறுத்த இஸ்திகான் என்ற கண்ணாடிக் குவளையில் அடியில் சீனி, மேலே கறுத்த சாயம். நான் தேயிலை பறிப்பவர் வீட்டுப் பிள்ளை என்று அறிந்ததும் அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாள். பறித்தது என் கை அல்ல, அம்மாவின் கை என்றேன். அடுத்த விடுமுறையில் அம்மாவுக்கு என்று ஒரு சோடி இஸ்திகான் கொடுத்தனுப்பினாள்.

வளைகுடாப் பக்கத்துக் கோப்பி முறை வேறு. அதை ஓமான் மாணவிகள் காட்டினார்கள். ஊற்றுபவர் தல்லா என்கிற மூக்கு நீண்ட செம்பை இடக்கையில் பிடித்து, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தை வலக்கையால் நீட்டவேண்டும். கிண்ணத்தின் அடிப்பாகம்தான் நிரம்பும். விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தமாகிவிடும். போதும் என்றால் வாயைத் திறக்கத் தேவையில்லை, கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தால் சரி. 2015இல் இந்த அரபுக் கோப்பி வழக்கத்தையும் மஜ்லிஸ் என்கிற விருந்தறை வழக்கத்தையும் யுனெஸ்கோ மானுடத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் எந்த ஊர் என்று அக்காவின் கணவர் ஒருமுறை கேட்கச் சொன்னார். குருவிட்ட என்றால் யாருக்குத் தெரியும்? ஆதம் மலை அடிவாரம் என்று சொன்னேன். "சரந்தீப்!" என்று இலங்கையின் பழைய அரபுப் பெயரைச் சொல்லி வெளி அறையிலிருந்து குரல் வந்தது. ஆதம் நபி இறங்கிய மலை என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். குருவிட்ட - எரத்ன வழியாக இன்றும் அந்த மலைக்குப் பாதை இருக்கிறது. 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா கரையொதுங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி, தமிழ் அரசர், அவரை விருந்தாளியாக ஏற்று, முத்துக் கொடுத்து, பல்லக்கும் வழித்துணை ஆட்களும் கொடுத்து ஆதம் மலைக்கு அனுப்பினார் என்பதை நான் கதவுக்கு இந்தப்பக்கமிருந்து சொன்னேன். "அப்படியானால் கடன் எங்கள் பக்கம்தான். இன்னும் சோறு வையுங்கள்" என்றார்.

எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். 2015இலிருந்து யேமனில் யுத்தம். ஊரிலிருந்து வரவேண்டிய உதவிப்பணம் மாதக்கணக்கில் வராது. அப்போதும் தட்டம் சிறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடன்வாங்கி இறைச்சி எடுத்தார்கள் என்று நாத்தனார் வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். அதன்பிறகு சாப்பாட்டு நேரம் கழித்துப் போகப் பார்த்தேன், அதற்கும் கோபித்தார்கள். கொடுப்பவருக்கு அது மானம்; சாப்பிடுபவருக்குத் தொண்டையில் முள். அந்தத் தட்டத்துக்காக அரை நாள் அடுப்படியில் நிற்பது எப்போதும் பெண்களே என்பதும் கண்ணில் படாமல் இருக்கவில்லை.

படிப்பு முடிந்து புறப்படும்போது அக்கா ஸித்ர் தேனும் பகூரும் கொடுத்தாள். பகூர் என்பது அகில்கட்டைத் துண்டுகளை வாசனைத் தைலத்தில் ஊறவைத்தது. தணலில் போட்டு, புகையை விருந்தாளியின் கூந்தலுக்கும் உடுப்புக்கும் காட்டுவார்கள். வீட்டில் அதைப் போட்டேன். புகை எழுந்ததுமே சித்தி சொன்னார்:

"இந்தப் பொகை வந்தா விருந்தாளிங்க கெளம்பப் போறாங்கன்னு அர்த்தம் புள்ள. நாங்க பாத்திரம் கழுவ ஆயத்தமாவோம்."

உண்மை. வளைகுடாவில் பகூர் கடைசியில்தான் வரும், அதன்பிறகு உட்காருவது வழக்கமில்லை. கிண்ணத்தை ஆட்டும் முறையும் சித்திக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிண்ணங்களைக் கழுவி அடுக்கியவர் அவர்தான். ஆண்கள் கூடும் திவானியாவுக்கு மச்பூஸ் சோற்றுத் தட்டத்தைத் தூக்கிப்போய்க் கதவடியில் வைத்துவிட்டுத் திரும்புவார். உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்த்ததில்லை. முதல் வீட்டில் மிச்சம் இருந்தால் சாப்பாடு, போன் பூட்டிய அலுமாரியில். இரண்டாவது வீட்டில் ஒரு கிழவி நோன்பு திறக்கும்போது தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே தட்டில் ஊட்டினாள். அவள் இறந்த செய்தி வந்தபோது சித்தி தலைக்குக் குளித்தார்.

அரபிகள் நல்லவர்களா, கெட்டவர்களா என்று இப்போதும் சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். யேமன்காரர்களே சவூதியில் கூலிவேலைக்குப் போகிறவர்கள். எல்லா அரபியும் எசமான் இல்லை. விருந்தாளிக்கு அங்கே ஆயிரம் வருடத்து வழக்கம் காவல் நிற்கிறது. வேலைக்காரி அந்த வழக்கத்தின்படி விருந்தாளி அல்ல. அவளுடைய வீசா ஒரே எசமானின் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது, அவன் மனசுதான் அவள் தலைவிதி. கிழவி வாய்த்தால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஆளை அனுப்பக்கூடாது.

குவைத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்று 2015இல் 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருடத்தில் 30 நாள் சம்பளத்தோடு லீவு. சித்தி போன காலத்தில் அது இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் போகிறவர்களில் நான் விசாரித்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் லயத்திலிருந்து யாராவது குவைத்துக்குப் பெட்டி கட்டினால், இந்தச் சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.