மண்ணை அச்சிடும் குயவர்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வாழும் ஜொனாதன் கீப், தென்னாப்பிரிக்காவில் பிறந்த குயவர். பல ஆண்டுகள் கையால் மண்பாண்டம் செய்துவந்தவர், இப்போது பெரும்பாலும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில்தான் பாண்டம் எழுப்புகிறார். அதை மற்றவர்களுக்கும் கற்றுத் தருகிறார்.

இயந்திரம் செய்யும் வேலை எளியது. ஒரு குழாயில் குழைத்த களிமண்ணை அடைக்கிறார்கள். காற்றழுத்தம் மேலிருந்து தள்ள, சில மில்லிமீட்டர் அகலமுள்ள முனை வழியே, முறுக்கு பிழிவதுபோல மண் இழையாக இறங்குகிறது. கணினி சொல்லும் பாதையில் முனை சுற்றிச் சுற்றி வர, இழைமேல் இழை ஏறிச் சுவர் எழும்புகிறது. சக்கரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் மண்ணைத் திரியாக உருட்டி, வளைத்து அடுக்கிப் பானை செய்தார்கள். இதுவும் அந்த முறைதான்.

கடினமான பகுதி மண்ணில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை அச்சிட்டால் முனையை விட்டு வந்ததுமே ஆறி இறுகிவிடும். களிமண் அப்படி இறுகாது, ஈரமாகவே நிற்கும். தண்ணீர் சற்றுக் கூடினால் பாதி உயரத்திலேயே சுவர் தன் எடை தாங்காமல் சரியும். குறைந்தால் முனை அடைத்துக்கொள்ளும். அல்லது இழைகள் சரியாக ஒட்டாமல், காயும்போதோ சூளையிலோ பிளந்துவிடும். குழாயில் மண்ணை அடைக்கும்போது சிக்கிய ஒரு காற்றுக்குமிழி போதும், முனைக்கு வந்ததும் டப்பென்று வெடித்துச் சுவரில் ஓட்டை விழும். இன்னொன்று: அழுத்தத்தை நிறுத்தினாலும் மண் உடனே நிற்காது. அதனால் அடியிலிருந்து விளிம்புவரை அறுபடாத ஒரே சுருளாகப் பாதை போடுவது வழக்கம். உலர்ந்து சுட்டு முடிவதற்குள் பாண்டம் ஏறக்குறைய 10 சதவீதம் சுருங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். மண்ணில் கை பழகியவருக்கு இவையெல்லாம் தொட்டாலே தெரியும். கணினிக்குத் தெரியாது.

அப்படியானால் கணினி எதற்கு? கீப் வடிவத்தை வரைவதில்லை. அது வளரும் விதியை நிரலாக எழுதுகிறார். எண்களைச் சற்று மாற்றினால் அதே விதியிலிருந்து வேறொரு பாண்டம் பிறக்கும். அவருடைய 'ஐஸ்பெர்க்' வரிசை இப்படி உருவானது. இன்னொரு வரிசையில் ஒலி அலைகளையே பாண்டத்தின் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக்கினார். எவ்வளவு தேர்ந்த கையானாலும் ஓர் ஒலி அலையை அத்தனை துல்லியமாக மண்ணில் ஏற்றிவிட முடியாது. இந்த இயந்திரத்துக்குக் கலையில் இடம் உண்டு என்று நான் நம்புவது இதனால்தான்.

இந்த நுட்பம் பலர் கைமாறி வளர்ந்தது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய 'ரெப்ராப்' திட்டம், அச்சு இயந்திரத்தின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள 'அன்ஃபோல்ட்' கலைக்கூடம் அதைக் களிமண்ணுக்கு ஏற்றபடி மாற்றியது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த கீப், சிறிய பட்டறையிலும் கட்டிவிடக்கூடிய ஓர் இயந்திரத்தை வடிவமைத்து, அதன் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டார். பின்னர் ஒரு வழிகாட்டி நூலும் எழுதி அதையும் இலவசமாகவே கொடுத்தார். அவருடைய பாண்டங்களைவிட இதையே நான் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

இந்த இயந்திரத்தை வாங்க நினைக்கும் கலைக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சூளையும் மண் பிசையும் மேடையும் முதலில் வரட்டும். மாணவர்கள் கையால் சில பானைகள் செய்து, சில உடைந்த பிறகு, இயந்திரத்தைக் கொண்டுவாருங்கள்.