பட்டன் இருக்கிறது, ஆயுள் இருக்கிறதா?

கார் நெல்லும் பிசான நெல்லும் களத்துக்கு வரும் நாட்களில் பாவூர்சத்திரம் வட்டாரத்து டிராக்டர் டிரெய்லர்களுக்கு இரவு பகல் ஓய்வு கிடையாது. அறுவடை முடிந்துவிட்டால் அதே டிரெய்லர்கள் களத்து ஓரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் வாரக்கணக்கில் நிற்கின்றன. நடுவே காமராஜர் காய்கறிச் சந்தைக்கு ஒரு நடை மூட்டை, கோடையில் குளத்து வண்டல், வீடு கட்டுகிறவருக்குக் கொஞ்சம் செங்கல் என்று வேலை வந்து போகும். இப்படி ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகமாக உள்ள வண்டியின் டயரை எப்போது மாற்றுவது? ‘பட்டன் நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி, மொட்டையான பிறகு பார்த்துக்கலாம்’ என்பதுதான் பெரும்பாலும் நாம் கேட்கும் பதில். தினமும் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் ஓடும் பேருந்துக்கு அந்தப் பதில் பொருந்தும். அதன் டயர் தேய்ந்துதான் தீரும். நின்றே பழையதாகும் டிரெய்லருக்கு அது பொருந்தாது. அதன் டயர் தேய்வதற்கு முன்பே உள்ளுக்குள் முதுமை அடைந்துவிடுகிறது. ஆகவே டிரெய்லர் டயரை முதலில் வயதைக் கொண்டும், அடுத்துதான் பட்டனைக் கொண்டும் கணிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் ரப்பரின் இயல்பிலேயே இருக்கிறது. டயர் ரப்பரை வேகவைக்குமுன் அதில் கந்தகம் சேர்க்கிறார்கள். ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது அந்தக் கந்தகம்தான். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும், வெப்பமும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து இந்தப் பிணைப்பை மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும். வருடம் ஏற ஏற ரப்பர் இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. வெளிப்புறத்தை ஓசோனும் வெயிலும் அரிக்கின்றன. இதைத் தடுக்கத்தான் டயர் செய்பவர்கள் ஒருவகை மெழுகையும் காப்பு ரசாயனங்களையும் ரப்பரோடு கலந்து வைத்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிரும்போதுதான் அந்தக் காப்புப் பொருள் உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்றாக வந்து சேரும். அசையாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை. ஓடாத டயர் தேயாது என்பது உண்மை. ஓடாத டயர் கெடாது என்று அதிலிருந்து முடிவுகட்டுவதுதான் பிழை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியை மட்டும் நினைத்துக்கொண்டு நம் ஊரைக் குளிர்ந்த ஊர் என்று சொல்லிவிடவும் முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் வெட்டவெளிக் களத்தில் நிற்கும் கருப்பு டயர் எவ்வளவு சுடும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வயது கொல்லும் என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் இசை விழா முடிந்து லிவர்பூல் திரும்பிக்கொண்டிருந்த பேருந்தின் முன் டயர் வெடித்தது. பேருந்து சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியதில் மூன்று பேர் இறந்தனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுக்கு மேல். பேருந்தைவிட டயர் மூத்தது. ஆனால் பட்டன் சட்டம் கேட்கும் அளவுக்குக் குறையாமல் இருந்தது. பதினெட்டு வயது மகனை அதில் பறிகொடுத்த ஒரு தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். பத்து வயதைத் தாண்டிய டயரை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் மாட்டக் கூடாது என்ற தடை 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் எடுத்துக்காட்டிய ஒரு காப்பீட்டு நிறுவனக் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய வெப்ப மாநிலங்களில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர்தான் இருந்தார்கள். ஆனால் டயர் கோளாறு என்று வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அந்த மாநிலங்களிலிருந்தே வந்தன. அவற்றிலும் 84 சதவீதம் ஆறு வயதைக் கடந்த டயர்கள். வெயிலும் வயதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

படகு டிரெய்லர்களின் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. அமெரிக்காவில் படகைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர்கள் கோடையில் சில வாரங்கள் ஓடி, மீதி மாதங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். அதனால் பட்டன் எப்படி இருந்தாலும் மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் டயரை மாற்றுங்கள் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. அந்தப் படகுக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால், பேரிங்குக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பேரிங் அந்த இடைவெளிக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, சக்கரமே இறுகும். ஈரம் காயாத குளத்தில் வண்டல் அள்ளப் போகும் டிரெய்லருக்கும், சுமை இறக்கிய கையோடு வாய்க்காலில் விட்டுக் கழுவும் டிரெய்லருக்கும் இதே கேடுதான். சக்கரத்தின் நடுவே கைவைக்க முடிகிற அளவுக்குச் சூடு ஆறிய பிறகு தண்ணீரில் இறக்கினால் போதும். பருவம் தொடங்குமுன் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால், பேரிங் கரகரப்பது காதுக்கே கேட்கும்.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கவாட்டில் சிறு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம், தயாரான டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றிவிடலாம். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதுவும் உட்புறமாகத் திரும்பியிருக்கும். குனிந்து, சேற்றைத் துடைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு டயரை நல்ல வெளிச்சத்தில் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் அடியிலும், டிஸ்க்கை ஒட்டிய ஓரத்திலும் மயிரிழைபோல் வெடிப்புகள் முதலில் தோன்றும். மேலோட்டமான வெடிப்பு எச்சரிக்கை. உள்ளே நூல் தெரிந்தால், பக்கவாட்டில் ஓர் இடம் மட்டும் புடைத்திருந்தால், அந்த டயரின் வேலை அன்றோடு முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் கடைசி எல்லை மட்டுமே. அந்த ஆழம் இருப்பதாலேயே டயர் நல்ல டயர் ஆகிவிடாது.

காற்று இன்னொரு முக்கியமான கணக்கு. ஓடினாலும் நின்றாலும் மாதத்துக்கு ஓரிரு பவுண்டு காற்று தானாகவே இறங்கும். ஆறு மாதம் நின்ற டிரெய்லரில் பத்து பவுண்டுகூடக் குறைந்திருக்கலாம். கண்ணுக்கு அது லேசான தளர்வாகத்தான் தெரியும். அறுவடை வந்ததும் அதே நிலையில் மூட்டையை அடுக்கி ஓட்டுவது நம் வழக்கம். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதைக் காற்றில்லாமல் ஓடிய டயராகக் கருத வேண்டும் என்பது லாரித் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் அளவு. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளையும், வளைவதால் சூடேறும், சூட்டில் உள் அடுக்குகள் ஒட்டுவிட்டுப் பிரியும். இந்தச் சேதம் வெளியே தெரியாது. கார் டயர் தளர்ந்தால் ஸ்டியரிங் இழுத்துச் சொல்லிவிடும். பின்னால் வரும் டிரெய்லரின் டயர் தளர்ந்தால், இன்ஜின் சத்தத்தில் டிராக்டர் ஓட்டுநருக்கு வெகுநேரம் தெரியாமலே போகலாம். சீமைக்கருவேல முள் குத்திய இடங்களை வெளியிலிருந்தும் கவனிக்க வேண்டும். உள்ளே டியூபுக்கு ஒட்டுப்போட்டு விட்டாலும், டயரில் விழுந்த துளை வழியே தண்ணீரும் மண்ணும் புகுந்துகொண்டே இருக்கும்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு இல்லை. நீண்ட நாள் நிற்கப்போகும் டிரெய்லரைச் சுமையோடு நிறுத்தாமல், அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து டயர் தரையில் அழுந்தாதபடி வைக்கலாம். வெயில் படும் பக்கம் ஒரு கிடுகோ பழைய சாக்கோ மறைப்பாகப் போடலாம். கட்டையில் ஏற்றாத வண்டியை மாதம் ஒருமுறை தெருக்கோடி வரை உருட்டி வந்தால் ரப்பருக்குள் இருக்கும் காப்பு மெழுகு வேலை செய்யும். டயர் கருப்பாகத் தெரிய வேண்டும் என்று பழைய ஆயிலைப் பூசும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். உரமும் சாணமும் படிந்திருந்தால் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, டிராக்டர் மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லையே, அதில் டயர் வெடித்தால்தான் என்ன என்பது. வேகம் குறைவுதான், ஆனால் சுமை குறைவில்லை. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் பெரும்பகுதி ஒரே அச்சில் நிற்கிறது. ஒரு பக்கம் டயர் போனால் பாரம் முழுவதும் அந்தப் பக்கம் சாயும். பெரும்பாலான டிரெய்லர்களுக்குத் தனியாகப் பிரேக்கும் கிடையாது. வாய்க்கால் கரையிலோ, லாரிகள் விரையும் தென்காசிச் சாலையிலோ அப்படிச் சாய்ந்தால் குறைந்த வேகம் காப்பாற்றாது. இரண்டாவது மறுப்பு செலவு. தேயாத டயரைக் கழற்றச் சொன்னால் சிறு விவசாயிக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த வலி நியாயமானது. ரீபட்டன் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ரீபட்டன் நல்ல தொழில்; விமான டயருக்குக்கூடச் செய்கிறார்கள். ஆனால் அது உடல் இளமையாக இருந்து மேல்பகுதி மட்டும் தேய்ந்த டயருக்கான மருந்து. டிரெய்லர் டயரின் நிலை நேர் எதிரானது: மேலே பட்டன் இருக்கிறது, உடல் கிழடாகிவிட்டது. உண்மையான சிக்கனம் வாங்கும் இடத்தில் இருக்கிறது. கடையில் நாள்பட்டுக் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்காமல், எண்ணைப் பார்த்து வாங்கினால் இரண்டு வருட ஆயுள் இலவசமாகக் கிடைக்கும். கழித்த லாரி டயரை வாங்குகிறவரும் அதே எண்ணைக் கேட்க வேண்டும்.

டயர் கம்பெனிகள் விற்பனைக்காகப் பயமுறுத்துகின்றன என்பது மூன்றாவது மறுப்பு. எச்சரிக்கையோடு கேட்கவேண்டிய மறுப்பு இது. ஆனால் இங்கே அது நிற்காது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும் சோதியுங்கள், பத்தாண்டில் கட்டாயம் மாற்றுங்கள் என்பது மிஷலின் போன்ற டயர் தயாரிப்பாளர் சொல்வது. ஆறு ஆண்டு என்று இன்னும் கடுமையாகச் சொல்பவை பல கார் நிறுவனங்கள். டயர் விற்று அவற்றுக்கு லாபமில்லை. வெட்டவெளியில் நிற்கும் நம் டிரெய்லர்களுக்கு நான்காம் ஆண்டு முதல் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் சோதனை, ஆறேழு ஆண்டில் மாற்றம் என்பது நடைமுறைக்கு ஒத்த நடுவழி. நிழலில் வைத்துப் பேணியவருக்கு ஓரிரு வருடம் கூடலாம். பத்தைத் தாண்டக் கூடாது. கழற்றிய டயரை இன்னொரு வண்டிக்கு விற்றால் ஆபத்து கைமாறுகிறதே தவிரத் தீருவதில்லை. அதன் பக்கவாட்டை அறுத்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுப்பதே சரி. பழைய டயரை மறுசுழற்சிக்குச் சேர்க்கும் பொறுப்பு 2022 முதல் தயாரிப்பாளர்கள் மேலேயே சட்டப்படி சுமத்தப்பட்டிருக்கிறது.

சட்டம் கூடாது என்று சொன்னாலும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் டிரெய்லரில் ஏறித்தான் போகிறார்கள். கொடை விழாவுக்குக் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். டயரின் எண்ணை அவர்கள் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. ஆகவே டயர் விற்கும் கடைக்காரர் பில்லில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் எழுதித் தர வேண்டும். வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு அறுவடைக்கு முன்பும் உரிமையாளர் ஒரு அரைமணி நேரம் குனிந்து பார்க்க வேண்டும். டயர் உரிமையாளருடைய சொத்து. அது வெடிக்கும்போது போகும் உயிர் மற்றவருடையதாகவும் இருக்கலாம் என்பதால், எப்போது மாற்றுவது என்பதை அவருடைய பணப்பை மட்டும் முடிவுசெய்ய முடியாது.