தோட்டத்துக்குச் சிலை வாங்கும் முன்

கடையில் பார்க்கும்போது எல்லாச் சிலையும் அழகுதான். இரண்டு மழைக்காலம் போனால்தான் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். ஒரு சிலை பாசி படிந்து முன்பைவிட அழகாகியிருக்கும். இன்னொன்று வண்ணம் உரிந்து, மூக்கு உதிர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். எனவே முதலில் இடத்தைப் பாருங்கள். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, சாரல் எதுவரை அடிக்கிறது, தரை எவ்வளவு எடை தாங்கும் என்ற மூன்றும் தெரிந்தால் எதில் செய்த சிலை வேண்டும் என்பது தானே முடிவாகிவிடும்.

கல்

திறந்த வெளிக்குக் கருங்கல்லை மிஞ்ச எதுவும் இல்லை. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எடைதான் சிக்கல். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ இருக்கும். இரண்டடிப் பிள்ளையாரே நூறு கிலோவைத் தொட்டுவிடலாம். வெறும் மண்ணில் வைத்தால் மழையில் மண் இளகிச் சாய்ந்துவிடும். கான்கிரீட் பீடம் போட்டு அதன்மேல் வையுங்கள். பால்கனி, மொட்டை மாடி என்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மாக்கல் மென்மையானது. நகம் பட்டாலே கீறல் விழக்கூடிய வகையும் உண்டு. அதைக் கூரைக்குக் கீழே வையுங்கள். பளிங்குக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சையோ ஆசிட்டோ பட்டால் பளபளப்பு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

சுடுமண்

குதிரை, யானை, முகப்பு பொம்மை என்று சுடுமண்ணில் கிடைக்காதது இல்லை. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. மந்தமாகச் சத்தம் வந்தால் வேகாத மண், இல்லையென்றால் எங்கோ விரிசல்.

சுடுமண் ஈரத்தை உறிஞ்சும். நேராக மண்ணில் வைத்த குதிரையின் காலில் சில மாதங்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். பிறகு அந்த இடம் பொரிந்து உதிரும். செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எனாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டையே உரித்துவிடும்.

சிமென்ட், ஃபைபர், பிளாஸ்டர்

சிமென்ட் சிலை விலை குறைவு, ஆனால் உள்ளே கம்பி இருக்கும். முழங்கை, விரல், தும்பிக்கை போன்ற மெல்லிய இடங்களில் மயிரிழை விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு பருத்து சிமென்ட்டை வெடிக்கச் செய்யும் முன் விரிசலை அடைத்துவிடுங்கள். ஃபைபர் சிலை மாடிக்கு ஏற்றது. காற்றில் கவிழாமல் அடிப்பகுதியில் மணல் நிரப்புங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை மழையில் நனையவே கூடாது.

உலோகம்

சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், ஓர் அச்சுக்கு ஒரே சிலை. விலைக்கு அதுவும் ஒரு காரணம். பளபளக்கும் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். நன்றாகக் கழுவி உடனே துடைக்காவிட்டால் கறுத்துவிடும். பழமையாகத் தெரிவதற்காகக் கருமை ஏற்றிய சிலையில் புளி பட்டால் அந்தக் கருமையே போய்விடும்.

தண்ணீரும் வெளிச்சமும்

வாசலில் உருளியில் பூ மிதக்கவிட்டால் அழகுதான், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அந்தத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்புறத்தில் அது முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

விளக்கை நேர் எதிரே வைக்காதீர்கள், முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், சற்றுத் தாழ்வாக வைத்தால் உளி போன வரியெல்லாம் எழுந்து தெரியும். பின்னணியில் ஒரே பச்சையாக ஒரு செடி வரிசை இருந்தால் போதும். ஒரே பார்வையில் இரண்டு சிலைகள் தெரிந்தால் இரண்டுமே எடுபடாது.

சட்டம்

“பழைய கோயில் சிலை” என்று யாராவது விலை பேசினால் விலகிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிலை தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவே முடியாது. புதுச் சிலைக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிடுங்கள்.

சிலையை வாங்கிவிட்டு இடம் தேடாதீர்கள். இடத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.