மாதிரி விமானத்துக்கேற்ற சிறு ரேடியல் இயந்திரம்

சென்ற ஆண்டு எம் கல்லூரி மாணவர் சிலர் ஒருங்குகூடி, ஸ்டியர்மன் என்னும் ஈரிறகு விமானத்தைக் கால் அளவில் செய்யத் தொடங்கினர். இறகும் உடலும் உருவாகி வரும்போதே, அதன் மூக்கில் எவ்வியந்திரத்தைப் பொருத்துவது என்னும் வழக்கு எழுந்தது. ஒருவர் ஏழு சிலிண்டர் வேண்டுமென்றார். ஒருவர் ஐந்து போதுமென்றார். பணப்பையை வைத்திருந்தவரோ ஒன்றே போதுமென்றார். சந்தாவாகச் சேர்ந்த பொருள் ஓர் இயந்திரத்துக்கே போதியதாகலின், ஒருமுறை தவறினால் மறுமுறைக்கு இடமில்லை. அவ்வழக்கைத் தீர்க்கும்பொருட்டு யாம் படித்தும், கேட்டும், அளந்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

மோட்டார்க் காரின் இயந்திரத்தில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்பதை யாவரும் அறிவர். ரேடியல் இயந்திரத்திலோ அவை நடுவிலுள்ள குடத்தைச் சூழ, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் நிற்கும். பிஸ்டன்கள் அனைத்தும் ஒரே கிராங்கைத் தள்ளுகின்றன. ஒரு சிலிண்டரின் கோல் மட்டும் கிராங்கை நேரே பற்றும். அதனைத் தலைக்கோல் என்போம். மற்றைய கோல்கள் அத்தலைக்கோலின் அடியைச் சுற்றிக் கீல் போலப் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு கோல் வளைந்தால் மற்றவையும் கெடுதற்கு இதுவே காரணம். இதனைப் பின்னர் யாம் பொருட்செலவோடு கற்றோம். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் சாப்வித் கேமல் முதலிய விமானங்கள் கொண்டிருந்த இயந்திரங்களும் தோற்றத்தில் இவற்றை ஒப்பனவே. ஆயினும் அவற்றில் தண்டு நிலையாக நிற்க, சிலிண்டர்களே விசிறியோடு சுழன்றன. எனவே அவை வேறு குடியைச் சேர்ந்தவை. 1927 மே 20, 21 ஆகிய நாட்களில் முப்பத்து மூன்றரை மணி நேரம் ஓயாது ஓடி, லிண்ட்பெர்க்கை நியூயார்க்கிலிருந்து பாரிஸில் கொண்டு சேர்த்த ரைட் கம்பெனியாரின் ஒன்பது சிலிண்டர் இயந்திரம் உண்மையான ரேடியல்.

இவ்வியந்திரங்களில் சிலிண்டர்கள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாகவே இருப்பது ஏன் என்று மாணவர் வினவுவதுண்டு. ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒருவரை விட்டு ஒருவருக்கு ஒரு மாம்பழம் கொடுத்து வருக. முதற் சுற்றில் 1, 3, 5 என்பவர் பெறுவர். இரண்டாம் சுற்றில் 2, 4 என்பவர் பெறுவர். பின்னர் முறை மீண்டும் முதலாமவரிடமே வந்து சேரும். இரண்டு சுற்றில் எல்லார்க்கும் ஒவ்வொரு பழம், இடைவெளியும் ஒத்தது. ஆறு பேரை உட்காரவைத்தால் 1, 3, 5 என்பவர்களே திரும்பத் திரும்ப உண்பர். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பர். உறிஞ்சல், அழுத்தல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களையும் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றில் முடிப்பதால், இப்பந்தி முறையே இயந்திரத்துக்கும் பொருந்தும். மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறையும், ஐந்தில் 144 பாகைக்கு ஒருமுறையும் வெடிப்பு நிகழும். காதுக்கு இனிய அந்த உறுமல் இதனாற் பிறப்பதே.

நிற்க. இயந்திரத்தை முதலில் வாங்கிப் பின்னர் அதற்கு விமானம் தேடுவோர் பலர். யாமும் விலைப்பட்டியலின் படங்களில் மயங்கிச் சில வாரங்களைக் கழித்தோம். விமானமே முதலில் பேச வேண்டும்.

ஸ்டியர்மன் 1934-இல் முதன்முதல் பறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகள் பல்லாயிரவர்க்கு முதற்பாடம் கற்பித்தது. அதன் இறகு நுனிக்கு நுனி 32 அடி 2 அங்குலம். நிறைசுமையோடு எடை ஏறக்குறைய 2,700 பவுண்டு. அதிற் பெரும்பான்மையாகப் பொருத்தப்பட்ட கான்டினென்டல் இயந்திரம் ஏழு சிலிண்டரும் 220 குதிரைத்திறனும் உடையது. கால் அளவில் இறகு 8 அடியாகும். எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைவதால் 64-இல் ஒரு பங்காகி, 42 பவுண்டு, அதாவது 19 கிலோகிராம் ஆகும். மாதிரி விமானம் இயல்பாகப் பறப்பதாகத் தோன்ற வேண்டுமாயின் அதன் வேகம் நான்கின் வர்க்கமூலமாகிய இரண்டால் வகுக்கப்பட வேண்டும். எடையும் வேகமும் சேர்ந்ததே வேண்டிய ஆற்றலாதலின், 64-ஐ இரண்டாற் பெருக்க 128. 220-ஐ அதனால் வகுக்க வருவது 1.7 குதிரைத்திறனே. சிறு விசிறியில் வீணாவது மிகுதி என்று சற்றுக் கூட்டிக்கொண்டாலும், 30 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒற்றைச் சிலிண்டர்ப் பெட்ரோல் இயந்திரமே இதனைத் தந்துவிடும். இக்கணக்கு முடிந்தபோது பணப்பையை வைத்திருந்தவர் முகம் மலர்ந்தது.

ஆயினும் வழக்கு அத்தோடு தீரவில்லை. ஆற்றல் போதும், அதனைக் காற்றிற் செலுத்தும் விசிறி போதுமா என்பதே வினா. மெய் விமானத்தின் இயந்திரம் குறுக்கே ஏறக்குறைய மூன்றரை அடி. மாதிரியில் அது 10½ அங்குலம். ஒற்றைச் சிலிண்டர்ச் சிறு இயந்திரம் விரைந்து சுழன்று 16 அங்குல விசிறியையே நன்கு இயக்கும் எனக் கொள்வோம். அவ்விசிறி சுழலும் வட்டத்தின் பரப்பில் 100-க்கு 43 பங்கை இயந்திர முகமே மறைத்துவிடும். விசிறி 24 அங்குலமாயின் மறைவது 100-க்கு 19 பங்குதான். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியே பருத்த மூக்குடைய விமானத்துக்கு உரியது என்பது இதனாற் பெறப்படும். 60 கன சென்டிமீட்டர் அளவுள்ள ரேடியல் 22 அங்குலமும் அதற்குச் சற்று மேற்பட்டனவுமாகிய விசிறிகளைத் தாங்கும். ரேடியலை வாங்குவதற்கு அழகு ஒரு காரணம். விசிறி அதனினும் வலிய காரணம்.

இரண்டாவது காரணம் எடை. ரேடியல் தன் அளவுக்கு மிக்க எடையுடையது என்று குறை கூறுவர், அக்குறை மெய்யே. ஆனால் விமானத்தின் எடை நடுப்புள்ளி இறகின் முன்பகுதியில் அமைய வேண்டும். இல்லையேல் அது தரைவிட்டு எழுந்தவுடன் தலைதூக்கி விழும். நடுப்புள்ளிக்கு முன்னே 30 சென்டிமீட்டரில் மூக்கும், பின்னே 90 சென்டிமீட்டரில் வாலும் இருக்குமாயின், வாலில் மிகையான ஒவ்வொரு 100 கிராமுக்கும் மூக்கில் 300 கிராம் ஈடு வைக்க வேண்டும். எம் மாணவர் வாலைச் சற்றுத் தாராளமாகவே செய்திருந்தனர். ஒற்றைச் சிலிண்டரோடு கணக்கிட்டபோது மூக்குக்கு ஒன்றரைக் கிலோ ஈயம் தேவைப்பட்டது. அதனை வாங்கியும் விட்டோம். ஈயத்தைச் சுமப்பதற்குப் பதிலாக இயந்திரத்தையே சுமந்தால் என்ன என்று ஒரு முதலாண்டு மாணவர் கேட்டார். அவ்வினாவுக்கு எவரிடத்தும் மறுப்பில்லை.

இனி, எத்தனை சிலிண்டர்? 35 கன சென்டிமீட்டரை ஏழாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் ஐந்தே. அவ்வளவு சிறிய சிலிண்டரில் உராய்வு ஆற்றலில் பெரும்பங்கை உண்டுவிடும். சிலிண்டருக்கு இரண்டு வால்வாக மூன்றுக்கு ஆறு, ஐந்துக்குப் பத்து, ஏழுக்குப் பதினான்கு. இவை ஒவ்வொன்றின் இடைவெளியையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்னும் நுட்பத்தோடு அவ்வப்போது சரிபார்த்தல் வேண்டும். தேர்வுக் காலத்தில் இதனை யார் செய்வார்? ஜப்பான் நாட்டுச் சைட்டோ கம்பெனியார் 19, 33, 60, 90 கன சென்டிமீட்டர் அளவுகளில் மூன்று சிலிண்டர்ப் பெட்ரோல் ரேடியல்களைச் செய்துள்ளனர்; அவர்களும் ஓ. எஸ். கம்பெனியாரும் ஐந்து சிலிண்டர் உடையனவும் செய்துள்ளனர். எம் கருத்தில், தொடக்கநிலையினருக்கு மூன்றே தக்கது. மூன்று சிலிண்டர் போலியன்று; பைப்பர் கப் விமானத்திலேயே லெனாப்பி என்னும் மூன்று சிலிண்டர் ரேடியல் பொருத்திய வகை ஒன்று இருந்தது. ஸ்டியர்மனுக்கு ஏழு வேண்டுமே என்பார், நான்கு பொய்ச் சிலிண்டர்களை இடையிற் செருகிக்கொள்ளலாம். தரையிலிருந்து நோக்குவார்க்கு வேறுபாடு தெரியாது.

எரிபொருள் இருவகை. மெத்தனாலோடு எண்ணெய் கலந்து, குளோ பிளக் என்னும் சூட்டுக்கம்பியால் எரிப்பது ஒன்று. இது எளியது, ஆயினும் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிக்கும் தனித்தனியே சூடேற்ற வேண்டுமாதலின், ஐந்தில் ஒன்று அணைந்தாலும் எது அணைந்ததென்று தேட வேண்டும். மெத்தனால் நஞ்சு, கண்பார்வையையும் உயிரையும் போக்குவது. அதன் தழல் பகலொளியிற் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் மாணவர் மறவாதிருப்பாராக. மற்றொன்று பெட்ரோலைப் பொறியால் எரிப்பது. பொறிப்பெட்டியும் அதற்குரிய மின்கலமும் எடையைக் கூட்டினும், நாளடைவிற் செலவு குறைவு. மூக்கில் எடை வேண்டியிருந்த எமக்கு அதுவும் நன்மையே ஆயிற்று.

பழைய மாணவர் ஒருவர் தம் ஐந்து சிலிண்டர் இயந்திரத்தை யாம் பழகிப் பார்க்கும்பொருட்டு இரவலாகத் தந்திருந்தார். அது ஒரு மாதம் மேசைமேல் நிமிர்ந்தபடி கிடந்தது. அம்மாதத்தில் குடத்திலிருந்த எண்ணெய் பிஸ்டன் வளையங்களின் வழியே கசிந்து, அடியிலுள்ள இரு சிலிண்டர்களில் நிறைந்ததை யாம் அறியோம். மின்விசைக் கருவியை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினோம். காற்று அழுந்தும், எண்ணெய் அழுந்தாது. ஒரு மெல்லிய ஓசை கேட்டது, விசிறி நின்றது. பிரித்துப் பார்த்தபோது ஒரு கோல் வளைந்து, தலைக்கோலின் கீலும் கெட்டிருந்தது. அவருக்குக் கடிதம் எழுதினோம். மறுமொழியில் கடிந்துரை ஒன்றும் இல்லை, "கையாற் சுற்றிப் பார்த்தீர்களா?" என்னும் ஒரே வினா இருந்தது. பழுதுபார்க்கும் செலவைப் பணப்பையிலிருந்து கொடுத்தோம். ஐந்து சிலிண்டர் வேண்டும் என்றிருந்தவரும் அன்றே தம் கட்சியை விட்டனர்.

ஆதலின், ரேடியல் வாங்குவோர் செய்யவேண்டுவது இது. பொறிக்கோ கம்பிக்கோ செல்லும் மின்தொடர்பை முற்றும் நீக்கிவிட்டு, விசிறியை அது சுழலும் திசையிலேயே கையால் மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுக. எங்கேனும் கடினமாகத் தடுத்தால் வலிந்து தள்ளற்க. பின்னோக்கித் திருப்பவும் வேண்டா, அவ்வாறு திருப்பினால் எண்ணெய் உறிஞ்சுகுழாயிற் புகுந்து பின்னர் மீண்டும் வரும். அடிச்சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடுக. பழைய இயந்திரத்தை விலைக்குக் கொள்வோரும் இவ்வாறே சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் ஒத்த அழுத்தம் தருகின்றதா என்று விரலால் உணர்ந்து பார்த்தல் நலம்.

மூடியுள்ள மூக்கானால் குளிர்ச்சியைப் பற்றியும் எண்ண வேண்டும். 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தார், தக்க மூடியால் காற்றின் எதிர்ப்பு பெரிதும் குறைவதையும் குளிர்ச்சி கெடாதிருப்பதையும் காட்டினர். மாதிரியிலும் காற்று வெளியேறும் வழி புகும் வழியினும் பெரிதாயிருத்தல் வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வீணாய்ப் போகும் காற்றைத் தகடிட்டு மறித்தல் வேண்டும். ஸ்டியர்மனுக்குப் பெரும்பாலும் மூடி இல்லாமையால் இத்தொல்லை எமக்கு நேரவில்லை.

ஐந்தடிக்குக் குறைந்த இறகுடைய விமானத்துக்கு ரேடியலை யாம் ஒருபோதும் பரிந்துரையோம். அத்தகைய சிறு விமானத்துக்கு இக்காலத்து மின்மோட்டாரை வைத்து, அதன் முன் அட்டையிற் செய்த பொய்ச் சிலிண்டர்களை ஒட்டிவிடுவதே தக்கது.

முடிவில் எம் மாணவர் 60 கன சென்டிமீட்டர் மூன்று சிலிண்டர்ப் பெட்ரோல் இயந்திரத்தையே வாங்கினர். அதனைப் பொருத்தி நிறுத்தபின், ஒன்றரைக் கிலோ ஈயத்தில் 400 கிராமே மூக்கில் ஏறிற்று. மிகுந்த கட்டி இப்போது எம் மேசைமேல் தாள்கள் பறவாதபடி வைக்கப்பட்டுள்ளது.