காலி கிளாஸும் இடம் பிடிக்கும், தெரியுமா?

சி++ மொழியில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு கிளாஸை எழுதி அதன் அளவை சைஸ்ஆஃப் மூலம் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்றா வரும்? 1! ஒரே வகை ஆப்ஜெக்ட்கள் இரண்டுக்கு ஒரே முகவரி இருக்கக் கூடாது என்பது மொழியின் சட்டம். அதற்காகத்தான் அந்த ஒரு பைட்.

அந்த ஒன்று எட்டாகப் பெருகும் என்பது தெரியுமா? 64 பிட் கணினியில் ஒரு பாயிண்டர் 8 பைட். அதன் பக்கத்தில் காலி கிளாஸை உறுப்பாக வைத்தால் மொத்தம் 9 அல்ல, 16! வரிசையில் அடுத்து வரும் பாயிண்டரும் எட்டின் மடங்கில் தொடங்க வேண்டுமே; மீதி 7 பைட்டைக் கம்பைலர் சும்மா இட்டு நிரப்பிவிடுகிறது. பேடிங் என்பது இதுதான். பத்து லட்சம் ஆப்ஜெக்ட் இருந்தால் 80 லட்சம் பைட் வீண்!

முன்பெல்லாம் இதைத் தவிர்க்க, காலி கிளாஸை உறுப்பாக வைக்காமல் அதிலிருந்து இன்ஹெரிட் செய்வார்கள். பேஸ் கிளாஸ் காலியாக இருந்தால் தனி இடம் தேவைப்படாது. பூஸ்ட் நூலகத்தின் கம்ப்ரஸ்டு_பேர் இந்த வித்தைக்காகவே பிறந்தது. மெமரி மிச்சம்தான், ஆனால் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

சி++20 வந்தது, ஒரே சொல்லில் கதை முடிந்தது! உறுப்பின் முன் இரட்டைச் சதுர அடைப்புக்குள் நோ_யூனிக்_அட்ரஸ் என்று எழுதினால் போதும், 16 மறுபடி 8 ஆகிவிடும். ஜிசிசி, கிளாங் இரண்டும் 9ஆம் பதிப்பிலிருந்தே இதை மதிக்கின்றன.

இனிதான் உண்மையான ஆச்சரியம். மைக்ரோசாஃப்டின் கம்பைலர் அதே சொல்லை ஏற்றுக்கொள்ளும், பிழை காட்டாது, ஆனால் ஒரு பைட்கூடக் குறைக்காது! ஏற்கெனவே கம்பைல் செய்த பழைய நிரல்களோடு அளவு முரண்படக் கூடாதே என்ற கவலை அதற்கு. அங்கே எம்எஸ்விசி என்ற முன்னொட்டோடு எழுதினால்தான் பலிக்கும். அதனால் நிரல் எல்லா இடத்திலும் ஓட வேண்டுமானால், கம்பைலருக்குத் தக்கபடி சொல்லை மாற்றித் தரும் ஒரு மேக்ரோ கைகொடுக்கும்.

இன்னொன்று: ஒரே காலி வகையில் இரண்டு உறுப்புகள் வைத்தால் இந்தச் சொல்லாலும் அவற்றை ஒரே முகவரியில் அடுக்க முடியாது. பழைய சட்டம் அப்படியே நிற்கிறது.

ஆகவே சொல்லை எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் எதிர்பார்க்கும் அளவை ஸ்டேட்டிக்_அசர்ட் வரியாகவும் சேர்த்துவிடுங்கள். எந்தக் கம்பைலர் ஏமாற்றினாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்!