கண்ணுக்குள் வைக்கும் வில்லை: அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்கள் அறிய வேண்டியவை

பிள்ளைகள் பத்தாம், பதினோராம் வகுப்புக்கு வந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "அம்மா, எனக்குக் கண்ணாடி வேண்டாம், கொன்டாக்ட் லென்ஸ் எடுத்துத் தாங்கோ." நடன அரங்கேற்றம் வருகிறது என்பார்கள், கிரிக்கெட் விளையாடக் கண்ணாடி இடைஞ்சல் என்பார்கள், அக்காவின் கலியாணப் படத்தில் கண்ணாடியோடு நிற்க முடியாது என்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் "உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது" என்று கண் பரிசோதகர் சொல்லியிருந்தால், லென்ஸ் வாங்குவதற்கு முன் சில விடயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். லென்ஸ் போடத் தொடங்கிய பின், கண்ணில் கிருமி தொற்றாமல் காப்பது அதைவிட முக்கியம். இரண்டையும் இம்முறை பார்ப்போம். இங்கு சொல்லப்படும் நடைமுறைகள் பிரித்தானியாவுக்கு உரியவை.

அஸ்டிக்மாட்டிசம் என்றால் என்ன?

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதைக் கோர்னியா என்பார்கள். பலருக்கு அது கால்பந்தின் ஒரு துண்டைப் போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்கும். சிலருக்கு ரக்பி பந்தைப் போல ஒரு பக்கம் கூடுதலாகவும் மறு பக்கம் குறைவாகவும் வளைந்திருக்கும். அதனால் ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சிதறும். தூரமானாலும் கிட்டவானாலும் எழுத்துகள் இழுபட்டது போல, நிழல் விழுந்தது போலத் தெரியும். இது தொற்றும் நோய் அல்ல. பெரும்பாலும் கண்ணின் அமைப்பே காரணம்.

தோமஸ் யங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1801இல் தன் சொந்தக் கண்ணிலேயே இக்குறையை அளந்து எழுதினார். 1825இல் வானியலாளர் ஜோர்ஜ் எயரி தன் கண்ணுக்கு ஏற்ற சிலிண்டர் வில்லையை வடிவமைத்தார். மெல்லிய, மிருதுவான கொன்டாக்ட் லென்ஸ் வந்தது பின்னர்தான். செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே 1961இல் தன் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் உலோகப் பொருத்துத் துண்டுகளால் ஒரு இயந்திரம் செய்து அதில் முதல் லென்ஸ்களை வார்த்தெடுத்தார்.

ஏன் சாதாரண லென்ஸ் போதாது?

மிருதுவான லென்ஸ் கண்ணின் மேல் துணி போலப் படிந்துவிடும். கோர்னியா கோணலாக இருந்தால் லென்ஸும் அதே கோணலில் படியும், குறை அப்படியே இருக்கும். ஆகவே அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களுக்கு "டொரிக்" என்ற வகை தேவை. இதில் ஒரு திசையில் ஒரு பவரும் அதற்குக் குறுக்கே இன்னொரு பவரும் இருக்கும்.

உங்கள் கண்ணாடித் துண்டை எடுத்துப் பாருங்கள். மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஸ்பியர்: கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வையின் அளவு. இரண்டாவது சிலிண்டர்: அஸ்டிக்மாட்டிசத்தின் அளவு. மூன்றாவது ஆக்ஸிஸ்: அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது, 1 முதல் 180 பாகை வரை. சிலிண்டர் 0.75க்குக் குறைவாக இருந்தால் பலருக்குச் சாதாரண லென்ஸே போதுமாக இருக்கும். அதற்கு மேல் போனால் டொரிக் பற்றிக் கேளுங்கள்.

டொரிக் லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. அது கண்ணுக்குள் சுழலக்கூடாது. 10 பாகை விலகினால் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். 30 பாகை விலகினால் டொரிக் போட்டதில் பயனே இல்லை. இதைத் தடுக்கச் சில லென்ஸ்களின் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிப்பாகச் செய்கிறார்கள். வேறு சிலவற்றில் மேலும் கீழும் மெலிதாக்கி, இமை மூடித் திறக்கும்போது லென்ஸ் தானாகவே நேராகும்படி செய்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்தும் வகை இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். அக்காவுக்கு நன்றாக இருக்கிறது என்று தங்கைக்கும் அதையே வாங்க முடியாது.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. கண்ணாடித் துண்டும் லென்ஸ் துண்டும் ஒன்றல்ல. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருப்பதால் பவர் மாறும். கண்ணாடியில் −6.00 என்றால் லென்ஸில் ஏறக்குறைய −5.50 வரும். அத்துடன் லென்ஸின் வளைவும் விட்டமும் தேவை. டொரிக் லென்ஸ்கள் பொதுவாக 0.75, 1.25, 1.75, 2.25 என்ற சிலிண்டர் அளவுகளிலும் 10 பாகை இடைவெளிகளிலும்தான் கிடைக்கும். உங்கள் எண்ணுக்கு எது கிட்டியது என்பதைப் பரிசோதகரே முடிவு செய்ய வேண்டும்.

2. பொருத்திப் பார்க்கும் நாளில் அவசரப்படாதீர்கள். லென்ஸ் போட்டுச் சற்று நேரம் சென்ற பின், அதிலுள்ள சிறு கோடு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பரிசோதகர் நுண்ணோக்கியில் பார்ப்பார். கண்ணைச் சிமிட்டியும் பக்கவாட்டில் பார்த்தும் தெளிவு மாறுகிறதா என்று சொல்லுங்கள். சில நாட்கள் பரீட்சார்த்தமாகப் போட்டுப் பார்க்க லென்ஸ் தருவார்கள். பாடசாலைக் கரும்பலகை, கணினி, இரவில் கார் ஓட்டம் எல்லாவற்றிலும் சோதியுங்கள். மங்கல் வந்து வந்து போனால் லென்ஸ் சுழல்கிறது என்று பொருள். பழகிவிடும் என்று விட்டுவிடாமல் வேறு வகை கேளுங்கள்.

3. ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ், இரண்டு கிழமை லென்ஸ், மாத லென்ஸ் என மூன்றிலும் டொரிக் கிடைக்கிறது. மாத லென்ஸ் மலிவு போலத் தெரியும். ஆனால் அதற்குக் கழுவும் திரவமும் பெட்டியும் ஒழுங்கான பழக்கமும் வேண்டும். பிள்ளைகளுக்கும், கிழமையில் ஓரிரு நாள் மட்டும் போடுபவர்களுக்கும் ஒரு நாள் லென்ஸே நல்லது. மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் பாவிக்கும் லென்ஸ் போடுபவர்களுக்கு அகந்தமீபா என்ற கண்நோய் வரும் ஆபத்து, ஒரு நாள் லென்ஸ் போடுபவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு எனக் கண்டார்கள்.

4. பொருத்திய பின் லென்ஸ் துண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அதில் உள்ள காலாவதித் திகதிக்குள் பின்பரிசோதனைக்குப் போங்கள். நிறம் மாற்றும் அலங்கார லென்ஸ்களைப் பவர் இல்லாவிட்டாலும் அனுமதி பெற்றவரின் மேற்பார்வையில்தான் விற்கலாம் என்பது இங்குள்ள சட்டம். சந்தையிலும் அழகுப்பொருள் கடையிலும் வாங்க வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கவனம்

கெரட்டோகோனஸ் என்றொரு நிலை உண்டு. கோர்னியா மெலிந்து கூம்பு போல முன்தள்ளும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் செய்யப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு, தெற்காசிய வம்சாவளியினரிடம் இது வெள்ளையரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுதல் எனக் கண்டது. பிள்ளையின் சிலிண்டர் எண் ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏறிக்கொண்டே போனால், கண்ணாடி மாற்றியும் தெளிவு வராவிட்டால், கோர்னியாவின் வடிவத்தைப் படமெடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முன்னேறிய நிலையில் டொரிக் மிருது லென்ஸ் பயன் தராது, கடின லென்ஸ் தேவைப்படும். ஆரம்பத்தில் கண்டால் மேலும் மோசமாகாமல் நிறுத்தும் சிகிச்சை உண்டு. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே நிறுத்தப் பாருங்கள்.

கிருமி எப்படி வருகிறது?

லென்ஸ் ஆபத்தான பொருள் அல்ல. பல கோடிப் பேர் உலகெங்கும் பாவிக்கிறார்கள். அமெரிக்காவில் 1989இல் வெளியான ஆய்வின்படி, பகலில் மட்டும் மிருது லென்ஸ் போடுவோரில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கோர்னியாவில் கடும் தொற்று வந்தது. லென்ஸோடு நித்திரை கொள்வோரில் அது சுமார் 20. ஒட்சிசன் கூடுதலாக ஊடுருவும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்த பின்னும், 2008இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் நித்திரையின் ஆபத்துக் குறைந்திருக்கவில்லை. பஸ்ஸில் கண்ணயர்வதும் நித்திரைதான்.

இரண்டாவது எதிரி தண்ணீர். அகந்தமீபா என்ற நுண்ணுயிர் குழாய்த் தண்ணீர், நீச்சல் குளம், கடல், கிணறு எல்லாவற்றிலும் வாழக்கூடியது. கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக் குளோரினையும் தாங்கும். இங்குள்ள பல பழைய வீடுகளில் குளியலறைக் குழாய்க்குக் கூரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து நீர் வரும். அந்தத் தொட்டியில் இது பெருகும். தென்கிழக்கு இங்கிலாந்தில் 2011க்குப் பின் இந்நோய் மும்மடங்காகியதாக மூர்ஃபீல்ட்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தார்கள். லென்ஸ் போடும் ஒரு இலட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும். ஆனால் வந்தவர்களில் கால்பங்கினர் பார்வையில் பெரும்பகுதியை இழக்கிறார்கள். சிகிச்சை பல மாதங்கள் நீளும்.

திரவத்தாலும் வரலாம். 2006இல் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் அமெரிக்காவிலும் பரவியபோது, ஒரு வகைக் கழுவும் திரவம் உலகச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, முற்றாகத் துடைத்த பின்பே லென்ஸைத் தொடுங்கள். ஈரக்கை வேண்டாம்.

• லென்ஸையும் பெட்டியையும் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். எச்சிலில் நனைப்பது இன்னும் மோசம்.

• குளிக்கும்போதும் முகம் கழுவும்போதும் நீந்தும்போதும் லென்ஸைக் கழற்றுங்கள். நீச்சலுக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது.

• மாத லென்ஸைக் கழற்றியதும் உள்ளங்கையில் திரவம் விட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்ற வேண்டாம். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

• பெட்டியைக் காலையில் திரவத்தால் அலசி, சுத்தமான காகிதத்தால் துடைத்து, கவிழ்த்துக் காய விடுங்கள். மாதம் ஒரு முறை புதுப் பெட்டி.

• ஹைட்ரஜன் பெரொக்சைட் திரவம் என்றால் அதற்குரிய பெட்டியிலேயே, குறித்த நேரம் முழுவதும் வைக்க வேண்டும். நேரே கண்ணில் பட்டால் எரித்துவிடும்.

• குசினியில் மிளகாய் வெட்டுமுன் லென்ஸைப் போட்டுவிடுங்கள். வெட்டிய பின் எத்தனை முறை கழுவினாலும் விரலில் காரம் நிற்கும்.

• முதலில் லென்ஸ், பிறகு கண்மை. இரவில் முதலில் லென்ஸைக் கழற்றி, பிறகு மையைத் துடையுங்கள்.

• ஊருக்குப் போகும்போது ஒரு நாள் லென்ஸும் பழைய கண்ணாடியும் கூடவே இருக்கட்டும். கிணற்றடியிலும் கீரிமலைக் கேணியிலும் கோயில் தீர்த்தத்திலும் இறங்கும் நாளில் கண்ணாடியே போதும்.

கண் சிவந்தால்

வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூசுதல், மங்கல், நீர் அல்லது பீளை வடிதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் எது வந்தாலும் லென்ஸை உடனே கழற்றுங்கள். கழற்றியும் குறையாவிட்டால் அன்றே கண் பரிசோதகரிடமோ மருத்துவமனைக் கண் அவசரப் பிரிவுக்கோ போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 111 இலக்கத்துக்கு அழையுங்கள். லண்டனில் சிற்றி ரோட்டிலுள்ள மூர்ஃபீல்ட்ஸில் கண்ணுக்கென்றே அவசரப் பிரிவு உண்டு. சூடோமோனஸ் போன்ற கிருமிகள் ஓரிரு நாளிலேயே கோர்னியாவைக் கெடுத்துவிடும். திங்கள்வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

"நான் கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். கழற்றிய லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் கொண்டு போங்கள், கிருமியைக் கண்டுபிடிக்க அவை உதவும். அகந்தமீபாவை ஆரம்பத்தில் ஹெர்பிஸ் தொற்று என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. வலி மிக அதிகமாக இருந்தால் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் கண் சிவந்ததும் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு விடுவது, பன்னீர் விடுவது வழக்கம். பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான். ஆனால் லென்ஸ் போட்ட கண்ணுக்கு இவை கிருமிக்கு உணவாகிவிடலாம். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்பு மறையும், உள்ளே தொற்று வளரும். இங்கு குளோரம்பெனிகோல் சொட்டு 2005 முதல் வைத்தியர் துண்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. லென்ஸ் போடுபவர் அதை வாங்கித் தானே வைத்தியம் பார்க்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், முழுநேரம் படிக்கும் 18 வயது வரையானவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு என்.எச்.எஸ் கண் பரிசோதனை இலவசம். ஸ்கொட்லாந்தில் எல்லோருக்கும் இலவசம். லென்ஸ் பொருத்தவும் பின்பரிசோதனைக்கும் பொதுவாகத் தனிக் கட்டணம் உண்டு. அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்ன பயன்? லென்ஸ் கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. கை கழுவி, நேரத்துக்குக் கழற்றி, பெட்டியைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்துவிட்டதென்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. உங்கள் கண்ணுக்கு உரிய ஆலோசனையைத் தகுதி பெற்ற கண் பரிசோதகரிடம் அல்லது கண் வைத்தியரிடம் பெறுங்கள்.)